கூகுளை விட்டு வெளியேற முடியுமா?

கேள்வி: கூகுள் சேவைகளைக் கைவிட்டு, படங்கள், கோப்புகள், மின்னஞ்சல் எல்லாவற்றையும் வீட்டிலேயே சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், பொன்முடி

பதில்: படங்களையும் கோப்புகளையும் தாராளமாக வைக்கலாம், மின்னஞ்சலை மட்டும் வேண்டாம். மாற்று மென்பொருள் சாமானியருக்குச் சரிப்படாது என்பார்கள். உங்கள் கேரளமே அதற்கு மறுப்பு. அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸ் என்ற மாற்று மென்பொருளில்தான் கணினி படிக்கிறார்கள். ஆனால் கொரோனாக் காலத்தில், 2021-இல், இணைய வகுப்புகளுக்கு அதே கேரளம் கூகுளின் ஜி-சூட் சேவையை நாடியது. மென்பொருளை மாற்றுவது எளிது. இரவு பகலாக ஓட வேண்டிய சேவையைத் தாங்குவதுதான் கடினம் என்பதை இது காட்டுகிறது.

வீட்டில் ஒரு பழைய கணினியில் கோப்புகளைச் சேமிக்கும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளை நிறுவினால் படங்கள் உங்கள் கையில் இருக்கும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் சேவை நிற்கும், அவ்வளவுதான். இன்னொரு வன்தட்டில் நகல் இருந்தால் எதுவும் அழியாது. மின்னஞ்சல் அப்படியல்ல. வீட்டு இணைப்பிலிருந்து போகும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் குப்பையில் தள்ளிவிடுகின்றன. மின்னஞ்சலுக்குச் சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கி, கட்டணம் வாங்கும் சிறிய நிறுவனம் ஒன்றிடம் ஒப்படையுங்கள். டொமைன் உங்களுடையதாக இருக்கும்வரை, நாளை நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது. பழைய கூகுள் கணக்கை ஓராண்டுக்காவது மூடாதீர்கள். வங்கிக் கடவுச்சொற்கள் அதில்தான் தொங்குகின்றன.