சாரம் கட்டும் முன்னே கேமரா

மும்பை செம்பூரில் இருக்கும் தங்கச்சி நேற்று போன் பண்ணினாள். "அக்கா, எங்க பழைய கட்டடத்துக்குச் சாரம் கட்டப் போறாங்க. சிசிடிவி போட்டாப் போதும்தானே?"

போதாது. போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தைப் புதுப்பித்தபோது கேட்டைப் பார்த்து இரண்டு கேமரா வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பின்சந்து வழியாக வந்து, நாங்கள் கட்டிய சாரத்திலேயே ஏறி, கழற்றிக் குவித்திருந்த பித்தளைத் தாழ்ப்பாள்களை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பதிவை ஓட்டிப் பார்த்தால் வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியும் டீ கிளாஸும்தான். போலீஸ் கேட்ட முதல் கேள்வி: "பொருளோட போட்டோ இருக்கா?" இல்லை.

ஆகவே கேமராக்காரரைக் கூப்பிடும் முன் உன் போனை எடு. கைப்பிடி, வண்ணக் கண்ணாடி, தேக்குக் கதவு, தரை ஓடு ஒவ்வொன்றையும் ஓர் அளவுகோலை வைத்துப் படம் பிடித்து எண் போடு. கல்வெட்டு இருந்தால் கட்டாயம். தாராவியில் 'காலா கிலா' என்று பஸ் ஸ்டாப் பெயராக மட்டும் நமக்குத் தெரிந்த கோட்டை 1737-இல் கட்டியது; கவர்னர் ஜான் ஹோர்ன் பெயர் பொறித்த கல் இருப்பதால்தான் அது தெரிகிறது. கல் போனால் வருஷமும் போகும்.

அடுத்து, கேமரா எதைப் பார்க்க வேண்டும்? கேட்டை ஒன்று பார்க்கட்டும். கழற்றிய சாமான் வைக்கும் அறை, சாரத்தின் அடித்தட்டு, பின்சந்து, இந்த மூன்றும்தான் முக்கியம். பழைய சுவரில் மட்டும் துளை போட விடாதே. கடல் காற்றில் இரும்பு போல்ட் துருப்பிடித்து உப்பி, கல்லையே பிளந்துவிடும். தனிக் கம்பம் நட்டு கிளாம்ப் போடச் சொல். சாரத்தில் கட்டினால், சாரம் நகரும்போது கேமரா வானத்தைப் பார்க்கும். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால் ஆர்க்கிடெக்டிடமும் கேட்டுவிடு. 1995-இலேயே அதற்கென்று விதி போட்ட ஊர் இது.

சாரத்தின் மேல் போர்த்தும் பச்சை வலை இருக்கிறதே, அது பெரிய தொல்லை. கேமராவுக்கு முன்னால் வலை தொங்கினால் கேமராவின் இரவு வெளிச்சம் வலையில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புகைதான். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவாகும்படி வைத்தாலோ, காற்றில் தார்ப்பாய் படபடக்கும்போதெல்லாம் போன் அலறும். நாலாம் நாள் நீயே அதை அணைத்துவிடுவாய். தார்ப்பாய் பக்கத்தை விட்டுவிட்டு, ஆள் நடக்கும் இடத்தை மட்டும் செட்டிங்கில் குறிக்கச் சொல்.

ஹார்ட் டிஸ்க்கில் கஞ்சம் பண்ணாதே. இரண்டு மெகாபிக்சல் கேமரா ஒன்று, புதிய முறைச் சுருக்கத்தில், நாளுக்குச் சுமார் 20 ஜிபி தின்னும். நாலு கேமராவுக்கு மாதம் 2.4 டிபி. ஆனால் கழற்றி வைத்த பொருள் காணாமல் போனது, திரும்ப மாட்டும்போதுதானே தெரியும்? அறுபது நாள் பதிவு வேண்டும். ஆறு டிபி வாங்கு. ரெக்கார்டரைச் சைட் கொட்டகையில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்து எடுத்துப் போவான். மாடியில் யார் வீட்டிலாவது பூட்டி வை.

கரண்ட் விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் சைட்டின் மெயினை அணைக்க வேண்டும். தீ பிடிக்காமல் இருக்க அதுதான் சரி. கேமராவும் அதே லைனில் இருந்தால் இரவு முழுக்கக் குருடு. தனி லைன், தனி எம்சிபி, ஒரு யுபிஎஸ்.

திருட்டைவிட எனக்குத் தீதான் பயம். உங்கள் செம்பூர் ஆர்.கே. ஸ்டூடியோவில் 2017 செப்டம்பரில் பழைய பட உடைகள் எரிந்துபோனதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 15, பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்த சமயம் தீப்பிடித்தது. அலாரம் ஒழுங்காகத்தான் அடித்தது. போய்ப் பார்த்த காவலாளி தவறான இடத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் போயிற்று. வெல்டிங், கிரைண்டர் ஓடிய இடத்தில் வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் ஓர் ஆள் நிற்க வேண்டும். கேமராவுக்குப் புகை வாசனை தெரியாது. இரவு இரண்டு மணிக்குச் செய்தி வந்தால் யார் எழுந்திருப்பது, எந்த மாடிக்கு எந்தச் சாவி, 101-க்கு யார் போன் பண்ணுவது, எல்லாம் காகிதத்தில் எழுதி வாட்ச்மேன் தலைக்கு மேல் ஒட்டு.

வேலையாட்கள் குளிக்கும், தூங்கும் இடத்தையும் பக்கத்து வீட்டு வாசலையும் கேமரா பார்க்கவே கூடாது. கேமரா இருப்பதை மராத்தி, ஹிந்தி, தமிழில் போர்டு எழுதி வை. பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்று.

ஜூனில் மழை வந்துவிடும். அதற்கு முன் ஒரு ஞாயிறு நானே செம்பூர் வருகிறேன்; அளவுகோலையும் சாமான் அறைச் சாவியையும் எடுத்து வை.