குனோங் டத்தோவுக்கு ஒரு நாள்

ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நம்மில் எத்தனை பேர் குனோங் டத்தோ மலையில் ஏறியிருக்கிறோம்? ஏறத்தாழ 880 மீட்டர் உயரமுள்ள அம்மலைக்கு, வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவருடன் சென்றால் ஒரே நாளில் திரும்பி விடலாம்.

பால் வெட்டுக்குப் புறப்படும் நேரமே மலைக்கும் உரிய நேரமாகும். காலைக் குளிர்ச்சியில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடிகிறது. வெயில் ஏற ஏறக் குறைகிறது. மலையிலோ, அதே வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து மேகமாகிப் பிற்பகலில் இடியும் மழையுமாக இறங்குகிறது. உச்சியில் இருப்பவை மொட்டைப் பாறைகள். அவற்றில் ஏறுவதற்கு இரும்பு ஏணிகள். மின்னல் வேளையில் அங்கு நிற்பது உயிருக்கே கேடாகும். ஆகவே, உச்சியை எட்டாவிடினும் நண்பகலுக்குள் இறங்கத் தொடங்குதல் வேண்டும். 'திரும்புவோம்' என்று வழிகாட்டி கூறினால் மறுப்பின்றித் திரும்புவோம். ('இன்னும் சிறிது தூரந்தான்' என்று அவர் கூறுவதை மட்டும் முழுதும் நம்ப வேண்டியதில்லை!)

தோட்டத்தில் வழி தவறினால் நிரையைப் பிடித்து வெளியேறலாம். காட்டு மரங்கள் நிரையாக நிற்பதில்லை. எனவே பெரட்டில் பெயர் அழைப்பதுபோல், ஏறும்போதும் இறங்கும்போதும் ஆட்களை எண்ணுவோம்; பிள்ளைகளை நடுவில் நடக்கச் செய்வோம். வானம் தெளிந்திருப்பின், உச்சியிலிருந்து மலாக்கா நீரிணையை அவர்களுக்குக் காட்டலாம்.