ரத்தம் குறைவா? பரம்பரையும் காரணமாகலாம்



“ரத்தம் குறைவு” என்று டாக்டர் சொன்னதும், இரும்புச்சத்து போதவில்லை என்றே பலரும் நினைக்கிறோம். சிலருக்குக் காரணம் உணவில் இல்லை. பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவில் இருக்கிறது. அதுதான் தலசீமியா. மலேசியாவில் எல்லா இனத்தவரிடமும் அது உண்டு. அதில் ஒரு வகைக்கு ‘கான்ஸ்டன்ட் ஸ்பிரிங்’ என்று பெயர். அது ஜமைக்கா நாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயர். ஆனால் இவ்வகை, தென்கிழக்காசியாவில்தான் பரவலாகக் காணப்படுகிறது.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதைச் செய்யும் முறை மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. செல், அதிலிருந்து ஒரு நகல் எடுத்து வேலை செய்கிறது. அந்த நகலே தூது ஆர்.என்.ஏ.

சிவப்பணு முதிரும்போது, மரபணு இருக்கும் உட்கருவை இழந்துவிடும். பிறகு புதிய நகல் எடுக்க முடியாது. ஆகவே, இருக்கும் நகல் சிதையாமல் நீடிக்க வேண்டும்.

அதற்காகவே நகலின் கடைசியில் ஒரு பகுதி உண்டு. அது படிப்பதற்கானதல்ல. காவல் புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டு நகலைப் பாதுகாக்கின்றன.

கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் உள்ளவர்களுக்கு, “இங்கே நிறுத்து” என்னும் குறியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அதனால் நகலைப் படிக்கும் செல்லின் கருவி நிற்காமல் கடைசிப் பகுதிக்குள் நுழைந்து, காவல் புரதங்களைத் தள்ளிவிடுகிறது. நகல் சீக்கிரமே சிதைகிறது, ஹீமோகுளோபின் குறைகிறது.

குடும்பத்துக்கு என்ன பாதிப்பு?

ஒரு மாற்றத்தை மட்டும் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். ஆனால் அவருடைய துணைவர் கடுமையான ஆல்ஃபா தலசீமியா மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1 என்ற அளவில் இரண்டும் சேர்ந்து வரும் வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சில வேளைகளில் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• பரிசோதிக்காமல் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடாதீர்கள்.

• ஜொகூரில் உங்கள் வட்டார அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் தலசீமியா பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தப்பிவிடக்கூடும். மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம்.

• 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை நடத்தப்படுகிறது. பேரப்பிள்ளைகளைத் தடுக்காதீர்கள், முடிவைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

• உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் தலசீமியா இருந்தால் மறைக்காதீர்கள். அது தொற்றுநோயல்ல, யாருடைய குற்றமும் அல்ல. கல்யாணப் பேச்சு தொடங்குமுன் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால், டாக்டரிடம் கேட்டு முடிவெடுக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.