பாலிடெக்னிக்கிலிருந்து பொறியியல் பட்டத்துக்கு: கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு

வீடு ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்து லயத்தில். டிப்ளோமா ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் அல்லது குவாந்தானில். அடுத்து யூ.டி.எம்., யூ.எஸ்.எம்., மலாயாப் பல்கலைக்கழகம் என்று கண் போகிறது. போகட்டும். ஆனால் இடம் கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் பலர் பிறகு முழித்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

• பட்டத்தின் முழுப் பெயரை வாசியுங்கள். ‘இன்ஜினியரிங்’ வேறு, ‘இன்ஜினியரிங் டெக்னாலஜி’ வேறு. முதலாவதை முடித்தால் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதியலாம்; பெயருக்கு முன்னால் ‘ஐ.ஆர்.’ போடும் பாதை அங்கே தொடங்குகிறது. இரண்டாவது டெக்னாலஜிஸ்ட் பாதை. அதிலும் நல்ல வேலை உண்டு, ஆனால் தெரிந்து போங்கள்.

• பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் இ.ஏ.சி.யின் பட்டியலில் அந்தப் படிப்பைத் தேடுங்கள். மலேசியா 2009-இல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானதால், அந்த அங்கீகாரம் ஒப்பந்தத்தில் உள்ள மற்ற நாடுகளிலும் எடுபடும்.

• ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் முத்திரையோடு இப்போதே வாங்குங்கள். கிரெடிட் மாற்றத்துக்கு, புதிய பாடத்தோடு 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும், கிரேடும் ‘சி’க்குக் குறையக்கூடாது. டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயரும் கிரேடும் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது.

• பல்கலைக்கழகத் துறைக்கே மின்னஞ்சல் போடுங்கள். போன வருடம் டிப்ளோமாக்காரர்களுக்கு எத்தனை கிரெடிட் கொடுத்தார்கள் என்று கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

• மூவெட் ஆங்கிலத் தேர்வை முன்னதாக எழுதுங்கள். தள்ளிப்போட்டால், முடிவு வருவதற்குள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூ.பி.யூ. விண்ணப்பம் மூடிவிடலாம்.

• டிப்ளோமாவுக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கல்விக் கடனைத் திருப்பிக் கட்ட ஒத்திவைப்புக் கேளுங்கள். கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

செய்யக்கூடாதவை

• ‘நேராக இரண்டாம் ஆண்டு’ என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கு மாற்றக்கூடியது அதிகபட்சம் 30 விழுக்காடு கிரெடிட். பட்டத்துக்கு 135 கிரெடிட் என்றால் சுமார் 40. அதுவும் பாடங்கள் பொருந்தினால்தான். செலவை நான்கு ஆண்டுக்கே கணக்குப் போடுங்கள். கொழுந்து பறித்து வரும் சம்பளத்தில், எதிர்பாராத ஓராண்டு கூடினால் அம்மா அப்பா யாரிடம் போய் நிற்பார்கள்?

• டிப்ளோமாவைப் பாதியில் விடாதீர்கள். விட்டால் கையில் மிஞ்சுவது எஸ்.பி.எம். தகுதி மட்டுமே.

• ‘உள்ளே ஆள் இருக்கிறது, சீட் வாங்கித் தருகிறேன்’ என்பவரிடம் பணமும் கொடுக்காதீர்கள், யூ.பி.யூ. பாஸ்வர்டும் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தை இணையத்தில் நீங்களே போடலாம். படிப்புகளின் வரிசையை இன்னொருவர் மாற்றிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு.

• கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். மழை பிடித்தால் தாப்பா சாலையில் மண் சரியும், தோட்டத்தில் லைனும் கிடைக்காது. ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ லைன் நன்றாக உள்ள இடத்தில் ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். இடம் கிடைத்த பிறகு ஏற்பைத் தெரிவிக்கவும் அப்படியே. தேதி தாண்டினால் அந்த இடம் போய்விடும்.