அசையாத மேசை

‘ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்பர்’ என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. தம் குறையை மறைத்தற்பொருட்டு இடத்தைப் பழிப்போரை அஃது எள்ளி நகையாடுகின்றது. ஆயினும், தச்சுத் தொழிலுக்கு இப்பழமொழி முற்றும் பொருந்துவதன்று. கைதேர்ந்த தச்சரே ஆயினும், மரம் கிடக்கும் இடம் ஆடுமாயின் அவர் இழைக்கும் தளம் நேராக அமையாது. அறுக்கும் கோடு பிறழும். உளி நழுவிக் கையையும் காயப்படுத்தும். ஆதலின், தச்சருக்கு முதற்கருவி உளியும் அன்று, இழைப்புளியும் அன்று. மரத்தை அசையாமல் தாங்கும் இடமே முதற்கருவி எனலாம்.

நம் நாட்டுத் தச்சர் பலர் தொன்றுதொட்டுத் தரையில் அமர்ந்தே தொழில் செய்து வந்தனர். மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து, இரு கைகளாலும் கருவியைச் செலுத்தினர். அவர்களுக்கு நிலமே மேசையாகவும், காலே கவ்வியாகவும் பயன்பட்டன. நிலத்தைப்போல் அசையாதது வேறு யாதுளது? நின்றுகொண்டு தொழில் செய்யும் வழக்கம் பரவிய நாடுகளிலோ, நிலத்தின் உறுதியை இடுப்பளவு உயர்த்தித் தருவதற்கு ஒரு மேசை தேவைப்பட்டது. செருமனி நாட்டில் சால்பர்க் என்னும் உரோமானியக் கோட்டையின் கிணற்றிலிருந்து கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மரவேலை மேசை கிடைத்துள்ளது. பிரெஞ்சு நாட்டு மரவேலைக் கலைஞராகிய உரூபோ என்பவர், 1769 ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட தம் பெருநூலில், தடித்த ஒற்றைப் பலகையும் பருத்த நான்கு கால்களும் கொண்ட மேசையொன்றைப் படத்துடன் விளக்கினார். இன்றும் பல நாட்டுத் தச்சர் அம்மேசையையே முன்மாதிரியாகக் கொள்கின்றனர்.

நல்ல மேசைக்கு இலக்கணம் நான்கு. அது தன் எடையால் நிலைத்து நிற்றல் வேண்டும். பக்கவாட்டில் தள்ளினும் சாயாதிருத்தல் வேண்டும். தொழில் செய்வோரின் உயரத்திற்கு ஏற்றதாதல் வேண்டும். மரத்தை இறுகப் பற்றும் வசதி உடையதாதல் வேண்டும். உரூபோவின் மேசை இந்நான்கினையும் மரத்தாலேயே நிறைவேற்றியது. ஆனால், அத்துணைப் பருமனான மரம் இன்று எளிதிற் கிடைப்பதில்லை. கிடைப்பினும், கறையானுக்கும் ஈரத்திற்கும் அஞ்சுதல் வேண்டும். ஆகவே, மேற்பலகையை மட்டும் மரத்தால் அமைத்து, அதனைத் தாங்கும் சட்டகத்தை அலுமினியத்தால் அமைக்கும் முறை இக்காலத்தில் வழக்கிற்கு வந்துள்ளது.

அலுமினியம் ஒரு காலத்தில் அரும்பொருளாக இருந்தது. 1884 இல் அமெரிக்காவின் வாசிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியக் கூர்முனை ஒன்றைப் பெருமையுடன் பொருத்தினர். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1886 இல் அமெரிக்கராகிய ஆல் என்பவரும், பிரெஞ்சுக்காரராகிய எரூல் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்னாற்றலால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் ஒரே முறையைக் கண்டறிந்தனர். இருவரும் 1863 இல் பிறந்தவர். இருவரும் 1914 இல் மறைந்தவர் என்பது வியப்பிற்குரியது. அவர்தம் முயற்சியால் அரும்பொருள் எளிய பொருளாயிற்று.

அலுமினியச் சட்டம் செய்யும் முறையை அறிந்துகொள்வதற்கு நம் வீட்டுச் சமையலறையை எண்ணிப் பார்த்தால் போதும். முறுக்கு மாவை உழக்கில் இட்டு அழுத்தினால், அடியிலுள்ள அச்சின் துளை எவ்வடிவமோ அவ்வடிவத்தில் மாவு நீண்டு வெளிப்படுகின்றது அன்றோ? அதுபோலவே, அலுமினியக் கட்டியைச் செல்சியஸ் 450 முதல் 500 பாகை வரை சூடேற்றி, உருகாமல் இளகிய அந்நிலையில், எஃகு அச்சின் வழியே பேராற்றலுடன் அழுத்துகின்றனர். நீண்டு வெளிவரும் சட்டத்தைக் குளிர்வித்து, இரு முனைகளையும் பற்றி இழுத்து நேராக்கி, மீண்டும் மிதமாகச் சூடேற்றி உறுதியூட்டுகின்றனர். ஈயக் குழாய்களை இவ்வாறு பிழிந்தெடுக்கும் முறைக்கு ஆங்கிலப் பொறியாளர் பிராமா 1797 இலேயே உரிமம் பெற்றார்.

இங்ஙனம் பிழிந்தெடுத்த சட்டத்தின் நான்கு முகங்களிலும் நெடுகப் பள்ளங்கள் ஓடும். அப்பள்ளத்தின் வாய் குறுகியது, உள் அகன்றது. அகன்ற தலையுடைய நட்டினை உள்ளே செலுத்தி, வெளியிலிருந்து போல்ட்டை முடுக்கினால், நட்டு பள்ளத்தின் உதடுகளை உள்ளிருந்து கவ்விக்கொள்ளும். துளையிடவும் வேண்டுவதில்லை, பற்றவைக்கவும் வேண்டுவதில்லை. ஓர் உறுப்பைச் சற்றே தளர்த்தி நகர்த்தி, வேண்டிய இடத்தில் மீண்டும் இறுக்கலாம். மேசையை முழுதும் கழற்றி வேறோர் ஊருக்குக் கொண்டு சென்று பூட்டவும் கூடும்.

இத்துணை நலம் வாய்ந்த பொருளுக்குக் குறையே இல்லையோ எனின், உண்டு. அலுமினியத்தின் எடை, அதே அளவுள்ள எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. அதன் விறைப்பும் அவ்வாறே மூன்றில் ஒரு பங்குதான். ஒரே வடிவுடைய இரு சட்டங்களின்மேல் ஒரே சுமையை ஏற்றினால், எஃகு வளைவதைப்போல் மும்மடங்கு அலுமினியம் வளையும். இக்குறையை வடிவத்தால் ஈடு செய்கின்றனர். மூங்கில் உள்ளே வெறுமையாயினும் காற்றிற்கு ஒடியாமல் நிற்பதற்குக் காரணம், அதன் பொருள் முழுதும் நடுவை விட்டு விலகி ஓரத்தில் அமைந்திருத்தலே. அலுமினியச் சட்டமும் உள்ளே குடைவாகவும், ஓரத்தே கனமாகவும் அமைந்துள்ளது.

சட்டத்தை வைக்கும் முறையிலும் ஆற்றல் உண்டு. 40 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் உயரமும் உடைய மரச்சட்டம் ஒன்றைக் கொள்வோம். அதனைப் படுக்கையாக வைத்தால் எவ்வளவு வளையுமோ, அதில் நான்கில் ஒரு பங்கே நிமிர்த்தி வைத்தால் வளையும். உயரம் இருமடங்காயின் விறைப்பு எண்மடங்காகும். அகலம் இருமடங்காயின் விறைப்பு இருமடங்கே ஆகும் என்னும் விதியே இதற்குக் காரணம். பொருளும் ஒன்று, செலவும் ஒன்று, வைக்கும் முறையால் விளையும் பயனோ நான்கு மடங்கு! அலுமினியச் சட்டத்திற்கும் இவ்வுண்மை பெரும்பாலும் பொருந்தும்.

இனி, மேசை ஒன்றை அமைக்கும் முறையைக் காண்போம். மேற்பலகையின் நீளம் 1500, அகலம் 600, தடிப்பு 60 மில்லிமீட்டர் என்க. மேசையின் உயரம், தொழில் செய்வோர் கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு எட்டும் அளவினதாதல் நன்று. அது 850 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பலகைக்கு 60, அடியில் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய திருகு பாதத்திற்கு 40 ஆகக் கழிப்பின், காலின் நீளம் 750 ஆகும். கால்கள் நான்கும் 80க்கு 80 சதுரச் சட்டங்கள். சட்டகத்தின் வெளிநீளம் 1200, வெளியகலம் 500 எனக் கொண்டால், கால்களுக்கு இடையே பொருந்தும் நெடுஞ்சட்டங்கள் 1040 நீளத்தில் நான்கும், குறுஞ்சட்டங்கள் 340 நீளத்தில் நான்கும் தேவைப்படும். அவை 40க்கு 80 அளவின. நிமிர்த்தியே பொருத்தப்படுதல் வேண்டும்.

சட்டங்களை அறுக்கும்போது முனை செங்கோணமாக இருத்தல் இன்றியமையாதது. மூலைமட்டம் வைத்துச் சோதித்து, கூரிய விளிம்புகளை அரத்தால் தேய்த்தல் வேண்டும். அலுமினியத் துகள் கண்ணில் தெறிக்குமாதலின், கண்ணாடி அணியாமல் அறுத்தல் ஆகாது. பின்னர், இரண்டு கால்களையும் இரண்டு குறுஞ்சட்டங்களையும் மூலைப்பிடிகளால் இணைத்து ஒரு பக்கத்தை முடிக்கலாம். மற்றப் பக்கமும் அவ்வாறே. இரண்டினையும் நெடுஞ்சட்டங்களால் இணைத்தால் சட்டகம் உருப்பெறும். முதலில் போல்ட்டுகளை மெல்ல முடுக்கி, கோணம் சரிபார்த்த பின்னரே முற்றும் இறுக்குதல் முறை.

கோணத்தைச் சரிபார்க்கும் வழி நீங்கள் வகுப்பறையிற் கற்ற கணக்கிலேயே உள்ளது. சட்டகத்தை மேலிருந்து நோக்கினால் நீளம் 1200, அகலம் 500. செங்கோண முக்கோணத்தில் இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் கிடைக்கும் அன்றோ? ஆகவே மூலைக்கு மூலை அளந்தால் 1300 வருதல் வேண்டும். இரு மூலைவிட்டங்களும் அவ்வளவே ஆயின், சட்டகம் கோணலின்றி அமைந்தது என்று துணியலாம். ஒன்று குறைந்து ஒன்று மிகுந்திருப்பின், மிகுந்த மூலைகளை நெருக்கிச் சரிசெய்தல் வேண்டும்.

நான்கு குச்சிகளை முனைகளிற் கட்டிச் சதுரமாக்கிப் பக்கத்தே தள்ளுங்கள், அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளைக் கட்டித் தள்ளுங்கள், அது சாயாது. மரத்தை இழைப்போர் மேசையை ஓயாமல் பக்கவாட்டிலேயே தள்ளுகின்றனர். ஆகையால், மூலைப்பிடிகளை மட்டும் நம்பியிருத்தல் போதாது. பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையைச் சட்டங்களோடு நெருங்க முடுக்கினால், அஃது எண்ணற்ற முக்கோணங்களின் வேலையைத் தானே செய்யும்.

எடையையும் மறத்தல் கூடாது. மேசையின் எடை 60 கிலோ என்றும், தரையின் உராய்வு அதில் பத்தில் நான்கு பங்கு என்றும் கொண்டால், 24 கிலோ எடைக்கு நிகரான தள்ளலிலேயே மேசை நகரத் தொடங்கும். உடலைச் சாய்த்து இழைக்கும் ஒருவர்க்கு அத்தள்ளல் அரிதன்று. செங்கல் ஒன்று ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். கீழ்ச்சட்டங்களின்மேல் பலகை பரப்பி 20 செங்கற்களை அடுக்கினால், மேசையின் எடை இருமடங்காகும். அதனை நகர்த்த 48 கிலோ எடைக்கு நிகரான தள்ளல் வேண்டும். இலேசான பொருளைக் கனமாக்குதல் பேதைமை போலத் தோன்றலாம். ஆயின், கொண்டு செல்லும்போது இலேசாகவும், தொழில் செய்யும்போது கனமாகவும் இருத்தலன்றோ இம்மேசையின் சிறப்பு!

இறுதியாக, மரத்தையும் உலோகத்தையும் இணைக்கும் இடத்தில்தான் மிகுந்த கருத்து வேண்டும். 2 மீட்டர் நீளமுள்ள அலுமினியச் சட்டம், வெப்பம் 20 பாகை ஏறினால் 1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே நீளும். மரமோ வெப்பத்தைவிட ஈரத்திற்கே மிகுதியும் இணங்கும். மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சி அகலவாட்டில் விரியும், கோடையில் சுருங்கும். நீளவாட்டில் அதன் மாற்றம் மிகச் சிறிது. 600 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகை பருவத்திற்குப் பருவம் சில மில்லிமீட்டர் மாறுதல் இயல்பு. அதனை எல்லாப் பக்கமும் அசையாமல் இறுக்கினால், பலகை வளையும், அன்றேல் பிளக்கும். எனவே, முன்வரிசைத் திருகாணிகளை மட்டும் இறுக முடுக்கி, பின்வரிசைப் பிடிகளில் அகலவாட்டில் நீண்ட துளைகளை அமைத்தல் வேண்டும். அப்பொழுது பலகையின் முன்விளிம்பு முன்கால்களின் முகத்தோடு ஒரே தளத்தில் நிற்கும். விரிவும் சுருக்கமும் பின்புறமாகவே நிகழும். முன்முகம் சமமாக இருப்பின், நீண்ட பலகையை நிமிர்த்திக் காலோடு சேர்த்துக் கவ்வியால் பற்றி, அதன் ஓரத்தை இழைக்கலாம். இஃது உரூபோ அன்றே காட்டிய வழி.

மேசை முடிந்த பின்னும் பேணுதல் வேண்டும். உளியால் துளை குடையும்போது காலுக்கு நேர்மேலே மரத்தை வைத்தால், கொட்டாப்புளியின் அடி நேரே நிலத்தைச் சென்று சேரும். அதிர்ச்சியால் போல்ட்டுகள் தளரக்கூடுமாதலின், முதல் வாரம் கழிந்தவுடன் ஒருமுறையும், பின்னர் அவ்வப்போதும் அவற்றை இறுக்குதல் நலம்.

மாணவர்களே! இம்மேசையில் மரம் மரமாகவே இருக்கின்றது. உலோகம் உலோகமாகவே இருக்கின்றது. விரியும் இயல்புடையதற்கு விரிய இடம் அளித்தோம். வளையும் இயல்புடையதை நிமிர்த்தி வைத்தோம். எடை குறைந்ததற்கு எடை கூட்டினோம். புதிய பொருள் கைக்கு வந்தமையால் பழைய அறிவு பயனற்றுப் போகவில்லை. மாறாக, அவ்வறிவே புதிய பொருளைப் பயன்படுத்தும் வழியைக் காட்டிற்று. பொருளின் இயல்பை முதலில் அறிந்து, அதற்கு இசையத் தொழிலை அமைப்பவரின் மேசை ஆடாது. அதன்மேல் அவர் செய்யும் பணியும் பிழைபடாது.