காயத்துக்கு வீதம் இடுவது எப்படி?
மருத்துவச் சபையின் முன் செல்வோருக்கு ஒரு பாடம்

போர் ஓய்ந்தாலும் காயம் ஓய்வதில்லை. எழுவான்கரையில் தேற்றாத்தீவு, களுதாவளை, செட்டிபாளையம் முதலிய ஊர்களிலும், வாவிக்கு அப்பால் படுவான்கரையிலும், காலை இழந்தோரும் பார்வை குன்றியோரும் செல் துண்டுகளை உடலில் சுமந்து வாழ்வோரும் இன்றும் நம்மிடையே உள்ளனர். வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் இறைக்க முடியாதவரும், தோணியில் நின்று வலை வீச முடியாதவரும் உதவி நாடிச் செல்லும்போது எழும் கேள்விகளுள் ஒன்று: "எத்தனை வீத அங்கவீனம்?" ஒரு குடும்பத்தின் நாளைய சோறு அந்த ஓர் எண்ணில் தங்கியிருக்கக்கூடும். அந்த எண் எவ்வாறு பிறக்கின்றது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மூன்று கேள்விகள்

அங்கவீனத்தை வீதமாக அளக்கும் முறை மிக விரிவாக வகுக்கப்பட்டிருப்பது படைச்சேவையிலாகும். 1987 முதல் 1990 வரை நமது மண்ணில் நிலைகொண்டிருந்த இந்தியப் படையிலும் பலர் உறுப்பிழந்து ஊர் திரும்பினர். அத்தகையோரைப் பரிசீலிக்கும் இந்திய மருத்துவச் சபை மூன்று கேள்விகளைக் கேட்கின்றது.

முதலாவது: இன்றுள்ள பாதிப்பு என்ன? இரண்டாவது: அது சேவையால் உண்டானதா, அல்லது முன்பே இருந்து சேவையால் மோசமானதா? மூன்றாவது: அதன் அளவு எத்தனை வீதம்?

இவற்றுள் இரண்டாவது கேள்வியிலேயே பலர் தடுக்கி விழுகின்றனர். காயம் கண்ணுக்குத் தெரியும், காரணம் தெரியாது. 2013 இல் தரம்வீர் சிங் என்னும் படைவீரரின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. சேவையில் சேரும்போது நோய் எதுவும் பதியப்படவில்லையாயின், பின்னர் வந்த நோய் சேவையால் வந்ததென்றே கொள்ளவேண்டும். அப்படியல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசையே சாரும் என்பது அதன் சாரம். எழுதி வைக்கப்பட்ட ஒரு பழைய பதிவு எவ்வளவு பெறுமதியானது என்பதை இது காட்டுகின்றது.

மூன்றாவது கேள்வியில் எல்லைக்கோடுகள் உண்டு. அங்கு 20 வீதம் என்பது நெடுங்காலமாக ஒரு வாசற்படி. 19 வீதம் பெற்றவர் வெளியே நிற்க, 20 வீதம் பெற்றவர் உள்ளே செல்வார். இக்கடுமையைக் குறைக்க 1996 முதல் ஒரு மாற்றம் வந்தது. மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டோருக்கு 50 இற்குக் குறைந்த வீதம் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டது 100 ஆகவும் கொள்ளப்பட்டது. 2014 இல் உச்ச நீதிமன்றம் இதனை வழமையாக ஓய்வு பெற்றோருக்கும் உரித்தாக்கியது. 2023 செப்டெம்பரில் அங்கு புதிய விதிகள் வந்தன. அதன் பின் சேவையை விட்டோருக்கு அவையே பொருந்தும்.

இரு காயங்களின் கணக்கு

ஒருவருக்கு இரண்டு காயங்கள் இருந்தால் வீதங்களை வெறுமனே கூட்டிவிட முடியாது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரருக்கான முறையைப் பார்ப்போம். காலுக்கு 50 வீதம், காதுக்கு 30 வீதம் என்க. காலுக்குரிய 50 ஐக் கழித்தால் மீதி 50. அந்த மீதியில் 30 வீதம் 15. ஆகவே மொத்தம் 65. அதனை அடுத்துள்ள பத்துக்கு மாற்றி 70 என்பர். "என் கணக்கில் 80 வரவேண்டுமே" என்று மனம் நோகுமுன் கணக்கிடும் முறையைக் கேட்டறிவது நன்று.

நமது நாட்டில் எந்தக் கதவு?

இலங்கையில் படையினருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. குடிமக்களுக்கு வேறு கதவுகள் உள்ளன. வேலையின்போது காயமடைந்த தொழிலாளிக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. போரினால் பாதிக்கப்பட்டோருக்கு 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் நிறுவப்பட்டது. வலுவிழந்தோருக்கான உதவிகளுக்குப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரை அணுகலாம். நமது பகுதிக்கு அது களுவாஞ்சிக்குடியிலுள்ள மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகமாகும்.

ஒவ்வொரு கதவிலும் கேள்வி வேறு. தொழிலாளர் நட்டஈட்டில் உழைக்கும் ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்பதே பேச்சு. அட்டவணையிலுள்ள உறுப்பிழப்புகளுக்கு வீதம் முன்கூட்டியே குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஓரிடத்தில் கிடைத்த எண் இன்னோரிடத்தில் அப்படியே செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. வைத்தியசாலைத் துண்டுகள், கிளினிக் கொப்பி, எக்ஸ்றேப் படங்கள் யாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோப் பிரதியையே கொடுங்கள்.

2. 1990 இலும் 2006, 2007 இலும் இடம்பெயர்ந்தபோதும், 2004 சுனாமியிலும் பலரது கடதாசிகள் அழிந்துபோயின. அத்தகையோர் சிகிச்சை பெற்ற வைத்தியசாலையில் பதிவு உண்டா எனத் திகதியுடன் எழுதிக் கேட்கலாம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், கண்டவர்களின் சத்தியக் கடதாசி ஆகியனவும் துணை நிற்கும்.

3. டொக்டர் "எப்படி?" என்று கேட்டால் "இப்ப பறவாயில்ல ஐயா" என்று சொல்வது நமது வழக்கம். அது மரியாதைக்குச் சொல்லும் சொல். ஆனால் சபையில் அது சாட்சியாகிவிடும். எவ்வளவு தூரம் நடக்க முடியும், எவ்வளவு பாரம் தூக்க முடியும், இரவில் எத்தனை முறை வலி எழுப்புகின்றது என்பவற்றை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம். ஒரு பொய் பத்து உண்மைகளைக் கெடுக்கும்.

4. கண்ணுக்குத் தெரியாத காயங்களையும் மறைக்க வேண்டாம். காது இரைச்சல், நித்திரையின்மை, திடீர்ப் பயம் என்பனவும் காயங்களே.

5. முடிவை எழுத்தில் கேளுங்கள். தமிழ் அரச கரும மொழியாதலால் தமிழிலேயே கேட்கலாம். காரணம் சொல்லப்படாவிடின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் கோவையின் பிரதியைக் கோரலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் தீர்மானிக்க வேண்டும்.

6. முதல் முடிவே கடைசி முடிவு என்று சோர்ந்துவிட வேண்டாம். மேன்முறையீடு உண்டா, எத்தனை நாட்களுக்குள் என்பதை அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருமறை ஒளியில்

சவுலின் பேரன் மேவிபோசேத் ஐந்து வயதில் முடவனானவன். போர்ச் செய்தி கேட்டுத் தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகையில் அவன் விழுந்தான். அவனும் போரினால் காயப்பட்ட ஒரு குடிமகனே. தாவீது அவனைத் தன் பந்தியில் அமர்த்தியதோடு நில்லாமல், அவனுடைய பாட்டனின் நிலத்தையும் திருப்பிக் கொடுத்தான். பின்னர் சீபாவின் ஒருதலைச் சொல்லைக் கேட்டு அதைப் பறித்தான். மேவிபோசேத்தை நேரில் கேட்ட பின்னரே அம்முடிவை மாற்றிப் பாதியைத் திரும்ப அளித்தான் (2 சாமுவேல் 4, 9, 16, 19). பாதிக்கப்பட்டவனின் வாய்ச்சொல்லைக் கேளாமல் இடப்படும் தீர்ப்பு அரசனுடையதாயினும் பிழைக்கும். நமது சபைகளும் சங்கங்களும் பந்தி வைப்பதோடு நின்றுவிடாது, உரியதைப் பெற உடன் நடக்கவும் வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது கிராமத்தில் காயத்தோடு வாழ்வோருள் எத்தனை பேரிடம் வைத்தியக் கடதாசி உள்ளது? இல்லாதவர்களுக்காக யார் எழுதிக் கேட்பது?

2. மருத்துவச் சபைக்குத் தனியே செல்லும் ஒரு விதவைத் தாயுடனோ பார்வையற்ற முதியவருடனோ துணை செல்ல நம்மில் யார் முன்வருவர்?

3. "பறவாயில்ல" என்று சொல்லி நாம் மறைத்துவரும் வலிகள் எவை?