கண்டிக் குப்பையும் அரச மானியமும்

ஒரு நகரத்தின் குப்பை அந்நகரத்தார் பொறுப்பு. அதனை அகற்ற அரசு ஏன் பொருளுதவி செய்தல் வேண்டும்? கண்டி மாநகரை முன்வைத்து இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தெருவிலும் வீடுகளிலும் சேர்த்தெடுக்கப்படும் குப்பை சபையின் சொத்து என்றும், அதனை விற்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு என்றும் மாநகரசபைகள் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. எவரும் பங்கு கேட்டு வாராத சொத்து இது ஒன்றே போலும்! அதனை அகற்றும் கடமையும் சபையையே சார்ந்தது. 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்த கண்டி மாநகரசபைக்கு, 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஓரிலட்சத்தை எட்டாத குடிகளே உளர். ஆயின் பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, தலதா மாளிகை என நாடோறும் வெளியூரினின்று வந்து மீள்வோர் மிகப் பலர். அவர்கள் விட்டுச் செல்லும் குப்பையும் நகரத்தின் கணக்கிலேயே ஏறுகின்றது.

பல பத்தாண்டுகளாக இக்குப்பை சென்று குவிந்த இடம், மகாவலி கங்கைக் கரையை அடுத்த கொஹாகொட. நம் நாட்டு நகரக் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது காய்கறித் தோல், எஞ்சிய சோறு, இலைதழை முதலிய மக்கும் பொருளே. இவை காற்றுப் புகாது குவிந்து அழுகுங்கால் மீதேன் வாயு எழும். மழைநீர் ஊடுருவிக் கருநீராய்க் கசியும். இரு பருவத்தும் மழை பெறும் கண்டியில் அக்கசிவு ஓயும் நாள் சிலவே. அது சரிந்து சேருமிடம் கங்கை.

நம் வினாவுக்குரிய விடை இங்கேதான் உள்ளது. அப்பகுதியிலேயே கங்கையினின்று குடிநீரும் எடுக்கப்படுகின்றது. அதன்பின் கட்டுகஸ்தோட்டையைக் கடந்து ஆறு பொல்கொல்லையை அடைகின்றது. 1976 இல் திறக்கப்பெற்ற அணை, நீரின் ஒரு பகுதியை ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவெலை மின்னிலையத்துக்குத் திருப்புகின்றது. அந்நீரே சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் கலந்து உலர்வலய வயல்களுக்குச் செல்கின்றது. கண்டியில் ஒரு வீட்டார் எறியும் பலாச்சக்கை பொலனறுவை உழவனின் வாய்க்காலையும் தொடுகின்றது என்பது மிகையன்று. ஆறு நாட்டுக்குப் பொதுவாயின் அதனைக் காக்கும் செலவும் பொதுவே. கண்டி கேட்கும் மானியம் இரவலன்று.

எனினும், எதற்காகக் கேட்பது என்பதிலே நாம் வேறுபடுகின்றோம். மத்திய சுற்றாடல் அதிகாரசபை 2008 இல் தொடங்கிய 'பிலிசரு' திட்டம் உள்ளூராட்சி மன்றங்கள் பலவற்றுக்குக் கூட்டெரு நிலையங்கள் அமைக்க உதவியது. பலாங்கொடை நகரசபையின் நிலையம் நற்பெயர் பெற்றது. ஆயின் மானியம் கூரையையும் இயந்திரத்தையும் ஒருமுறை தரும். குப்பையோ நாள்தோறும் வரும். கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கலந்துவரும் குப்பையிலிருந்து ஆக்கிய எருவை எந்த விவசாயி வாங்குவான்? விற்பனை இன்றேல் நிலையம் சபைக்கு இன்னொரு சுமையாகும். பிரித்தல் வீட்டு வாயிலில் நிகழாவிடின் இயந்திரம் எத்துணை நன்றாயினும் பயன் குறைவே. 2017 ஏப்ரல் 14 இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபின்பு பெருந்திட்டங்கள் பல பேசப்பட்டன. இச்சிறு செய்தி அவற்றிடையே பெரிதும் மறைந்துபோயிற்று.

ஆதலின் விண்ணப்பத்தின் முதலிடத்தில் ஈரக்குப்பைக்கும் உலர்குப்பைக்கும் வெவ்வேறு வண்டிகளும், அவற்றைச் சில ஆண்டுகளேனும் தடையின்றி ஓட்டுதற்கான செலவும் நிற்றல் வேண்டும். கட்டடம் பின்னர் வரலாம். மற்றொன்றும் உண்டு. இந்நகரின் குப்பையைத் தலைமுறை தலைமுறையாய்க் கையால் அள்ளியோர், தமிழகத்தினின்று வந்து மஹையாவைக் குடியிருப்பில் வாழ்ந்துவரும் தொழிலாளர் குடும்பத்தினர். பிரித்தெடுக்கும் வேலையும் அவர்கள் கைகளிலேதான் வந்து சேரும். கையுறை, காலணி, தக்க கூலி, மருத்துவ வசதி ஆகியவற்றுக்கு மானியக் கணக்கிலே தனித்தலைப்பு ஒன்று வேண்டும். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பொறியியலாளரும் உள்ளூராட்சி அலுவலரும் உளர்; அத்தகைய மதிப்பீட்டை வரையும் வாய்ப்பு அவர்களுட் சிலருக்கேனும் வாய்த்தல் கூடும்.